பார்த்துட்டு ரேட் சொல்றேன்

என் தங்க மகளுக்கு,

நீ சொல்லி வாங்கித் தந்த வேலைதான் என்றாலும், உன் சித்தப்பாவைப் பார்த்ததும் அந்தப் பத்து மாடிக் கம்பெனியே எழுந்து நின்றது என்று வைத்துக்கொள். இத்தனை வருஷம் சொந்தக் காண்ட்ராக்டில் ராஜாவாகக் குழாய் வேலை பார்த்தவன் மாதச் சம்பளத்துக்கு வருகிறான் என்றால் சும்மாவா?

நேற்று மட்டும் ஒரு சின்னச் சறுக்கல். மேனேஜர் எல்லார் முன்னாலும், "மேல பைப் ஒழுகுது, என்னன்னு பாருங்க" என்றார். பழக்க தோஷம், வாய் முந்திக்கொண்டது.

"பார்த்துட்டு ரேட் சொல்றேன் சார்."

"யோவ், இங்க உனக்கு மாசச் சம்பளம்யா!" என்று சூப்பர்வைசர் விழுந்து விழுந்து சிரித்தான். மேனேஜர் சிரிக்கவில்லை. "இவர் சரிப்பட்டு வருவாரா?" என்று அவனிடம் கேட்டார். நாளைக் காலை என்னைத் தன் அறைக்கு வரச் சொல்லியிருக்கிறார்.

போய்யா என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன், எனக்கென்ன? ஊரில் ஒழுகும் குழாய்க்கா பஞ்சம்? வேலை நிரந்தரமானால்தான் சித்தியின் ஆபரேஷனுக்குக் கம்பெனி இன்ஷூரன்ஸ் கிடைக்குமாம். அதை ஏன் இப்போது எழுதினேன், விடு.

கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று "சரி சார், சரி சார்" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். படுக்கையிலிருந்து சித்தி குரல் கொடுத்தாள்.

"யாருங்க அது, சரி சார் சரி சார்ங்கறது?"

"மேனேஜர்தான்டி, போன்ல" என்று சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
இன்றுவரை யாருக்கும் தலையாட்டாத
உன் சித்தப்பா