கத்தரி படாத முடி

இன்று காலை, தலைக்குத் தடவுகிற கூழுக்காக ஆளி விதையை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோனேன். பஸ்ஸுக்குக் கிளம்புவதற்குள் கொஞ்சம் பரீட்சைத் தாளைத் திருத்திவிடலாம் என்று உட்கார்ந்தவள், நனைந்த சாக்கும் வறுத்த தானியமும் கலந்தது போன்ற அந்த வாசனை கூடம் வரைக்கும் வந்த பிறகுதான் எழுந்து ஓடினேன். பாத்திரத்தில் இருந்தது கோந்து. துணியில் ஊற்றி முறுக்கிப் பிழிந்தும் ஒரு சொட்டு இறங்கவில்லை. "முட்டை வெள்ளை மாதிரி நூல் விட்டதும் அணைச்சிரு. சூட்டோட சூடா வடிகட்டிரு" என்று நீ படித்துப் படித்துச் சொன்னது, நீ போய் ஏழு மாதம் ஆன பிறகும் எனக்கு ஏறவில்லை. பிசுபிசுத்த கையோடு அடுப்படியில் நின்றுகொண்டு, இதையெல்லாம் யாருக்காகச் செய்கிறேன் என்று யோசித்தேன். முடி என் தலையில்தான் இருக்கிறது. அது என்னுடையதுதானா என்பதில் எனக்குப் பெரிய குழப்பம் இருக்கிறது. நீ இருந்தவரை உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்த விஷயம் அது. இப்போதாவது சொல்லிவிடுகிறேன்.

ஒன்பதாம் வகுப்பில் நாம் ஒரே பெஞ்சு. உன் சடையை இரண்டு கையால் பிடிக்க வேண்டும். என்னுடையதை வகுப்பே எலிவால் என்று கூப்பிட்டது, நீயும் சேர்ந்துதான் கூப்பிட்டாய். பிறகு நீ பன்னிரண்டோடு படிப்பை நிறுத்திவிட்டு, திருக்கோகர்ணத்தில் வீட்டு முன்னறையிலேயே பார்லர் போட்டாய். நான் அறிவியல் டீச்சராகி ஆவுடையார்கோவிலுக்குப் போகவும் வரவும் தினம் நான்கு பஸ் ஏறி இறங்கினேன். ஜன்னல் ஓரத்து வெயிலும் புழுதிக் காற்றும் சேர்ந்து, இருந்த எலிவாலையும் துடைப்பக் குச்சி ஆக்கிவிட்டன. தோளைத் தாண்டுவதற்குள் பொடிப்பொடியாக உடைந்து கொட்டும். உனக்கு அது சிரிப்பு. எனக்கும் அப்போது அது பெரிய கவலையாக இருந்ததில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால் உன் இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய்விட்டதாகச் சொன்னார்கள். வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ் என்று ஆரம்பித்தது. அந்த மாதம்தான் பிள்ளைகளைக் குடுமியான்மலைக்குச் சுற்றுலா கூட்டிப் போயிருந்தோம். பாறையில் வெட்டியிருக்கிற இசைக் கல்வெட்டைத் தமிழாசிரியர் விளக்கிக்கொண்டிருந்தபோது நான் மட்டும் நைசாகக் கோவிலுக்குள் போனேன். தலையில் குடுமி உள்ள சாமி அது. முன்னால் நின்றதும் எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. அவள் எழுந்து பழையபடி நடமாடட்டும், என் முடியை இடுப்பு வரை வளர்த்து மொத்தமாக உனக்கே தருகிறேன் சாமி, அதுவரை கத்தரி படாமல் காப்பாற்றுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். எலிவாலை வைத்துக்கொண்டு குடுமிச் சாமியிடமே முடி பேரம் பேசியவள் இந்த மாவட்டத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வேண்டியதை வெளியே சொன்னால் பலிக்காது என்று எங்கோ கேட்டிருந்ததால் உன்னிடமும் மூச்சு விடவில்லை.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை உன் பார்லருக்கு வந்து, "முடி வளக்கப் போறேன்டி" என்றேன். உனக்கு நம்பிக்கையில்லை. நாற்பதை நெருங்கும் நேரத்தில் இது என்ன ஆசை என்று கேட்டாய். அப்போது நான் செய்துகொண்டிருந்த வைத்தியத்தைச் சொன்னேன். தினமும் காலையில் உள்ளங்கை நிறையத் தேங்காயெண்ணெய், வாரம் ஒரு நாள் விளக்கெண்ணெய். முடி காய்ந்தால் எண்ணெய் வை என்றுதானே நம் ஊரில் எல்லோரும் சொல்வார்கள்? நீ என் உச்சந்தலையை ஒரு விரலால் தொட்டுவிட்டு, அந்த விரலைத் துணியில் துடைத்தாய்.

"இது தலையா, தோசைக்கல்லா? எண்ணெ வேற, ஈரம் வேறடி டீச்சர். ஈரம் இருந்தாத்தான் எண்ணெ அதப் பிடிச்சு வைக்கும். காஞ்ச தலையில தடவுனா எதப் பிடிச்சு வைக்கும், பஸ்ஸு புழுதியவா?"

ஆவியாதல் பாடத்தை வருடா வருடம் நடத்துகிறவளுக்கு அதைச் சொல்ல ஒரு பார்லர்காரி தேவைப்பட்டாள். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அன்றைக்கு நீ சொன்னதை நோட்டுப் போட்டு எழுதிக்கொண்டேன். ஒல்லி முடிக்கு எண்ணெய்ப் பாரம் ஆகாது. ஷாம்புவைத் தண்ணீரில் கலந்து தலைத்தோலுக்கு மட்டும். கண்டிஷனர் காதுக்குக் கீழே மட்டும். போர் தண்ணீரில் உப்பு அதிகம், அதனால் கடைசி ஒரு செம்பு கேன் தண்ணீர். துண்டால் தேய்க்காமல் பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். ஈரம் சொட்டாமல் நிற்கும்போது ஆளி விதைக் கூழ் நெல்லிக்காய் அளவு. அதற்கு மேல் மூன்றே சொட்டு எண்ணெய், அதுவும் நுனிக்கு. தளர்வாகப் பின்னி முந்தானைக்குள் செருகிக்கொண்டுதான் பஸ் ஏற வேண்டும். "இம்புட்டும் செய்யிறதுக்கு நான் காலையில எத்தனை மணிக்கு எந்திரிக்கிறது?" என்றேன். "முடி வேணுமா, தூக்கம் வேணுமா?" என்று கேட்டாய்.

இரண்டு மாதம் கழித்து நுனியைப் பார்த்துவிட்டு, அரை இஞ்ச் வெட்டினால்தான் பிளவு மேலே ஏறாமல் இருக்கும் என்று கத்தரியை எடுத்தாய். நான் தலையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை என்றேன். அன்று செவ்வாய்க்கிழமை. செவ்வாயும் ஆகாது என்று சமாளித்தேன். நீ கண்ணாடி வழியாக என்னையே பார்த்தாய். பிறகு கத்தரியை மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினாய். "சரி, வெட்டாமலே பாப்போம். அப்பன்னா ஈரத்தக் குறைக்கவே கூடாது" என்றாய். அதற்குப் பிறகு ஒரு நாள்கூட நீ வெட்டலாமா என்று கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று நானும் யோசிக்கவில்லை. பிள்ளைகளிடம் மட்டும் தினமும் கவனி, கவனி என்று கத்துகிறேன்.

டயாலிசிஸ் இல்லாத நாட்களில் சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே உன் வீட்டுக்குத்தான் வருவேன். உன்னால் நெடுநேரம் நிற்க முடியாது என்பதால் வாடிக்கையாளர் நாற்காலியில் நீ உட்கார்ந்துகொள்வாய், நான் தரையில் உன் காலடியில் முதுகைக் காட்டி உட்காருவேன். ஸ்பிரே பாட்டிலால் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் அடிப்பாய். உனக்கோ ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்தான் தண்ணீர் என்று டாக்டர் சொல்லியிருந்தார். உன் அம்மா அதை ஒரு பாட்டிலில் ஊற்றிவைத்து, அரை அரை டம்ளராகத் தருவார். நாக்கு ஒட்டிக்கொள்கிறது என்று நீ சொல்லும்போதெல்லாம் என் பின்கழுத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருக்கும். ஒரு நாள் தாங்காமல், "போதும்டி, நிப்பாட்டு" என்றேன். "நீயாச்சும் குடி" என்று சொல்லி இன்னும் இரண்டு முறை அடித்தாய். நீ சிரித்தாய். அழுதால் நீ பார்த்துவிடுவாய் என்று நான் திரும்பவே இல்லை.

உன் அம்மா தன் சிறுநீரகத்தில் ஒன்றைக் கொடுத்தார். கேட்பதற்கு முன்பே கையெழுத்துப் போட்ட மனுஷி அவர். மதுரையில் ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. நான்கே மாதத்தில் நீ முகக்கவசம் போட்டுக்கொண்டு மறுபடி பார்லரைத் திறந்தாய். கேட்டது நடந்துவிட்டது. கொடுக்க வேண்டியதைக் கொடுக்க வேண்டிய முறை என்னுடையது. அப்போது என் சடை முதுகில் பாதியைத் தாண்டி இறங்கியிருந்தது, அதுவும் பட்டு நூல் மாதிரி. பஸ்ஸில் முன்பின் தெரியாதவர்கள்கூட என்ன போடுறீங்க என்று விசாரிப்பார்கள். எலிவால் என்று பெயர் வாங்கியவளுக்கு இது எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாதா? எனக்கு அதை விட மனசில்லாமல் போனது உண்மை.

இருந்தாலும் ஒரு நாள் மெதுவாக, "முடிய எடுத்துரலாமான்னு பாக்கறேன்டி" என்று ஆரம்பித்தேன். நீ சீப்பை நிறுத்தினாய். "இன்னும் நாலு இஞ்ச் வரட்டும். இடுப்புக்கு வந்துரும். அவசரப்படாத" என்றாய். இடுப்பு வரை என்றுதானே நானும் வேண்டியிருந்தேன், அதனால் எனக்குத் தோதாகப் போயிற்று. இரண்டு மாதம் கழித்துக் கேட்டபோதும் இன்னும் நாலு இஞ்ச் என்றாய். இடையில் ஒரு முறை குடுமியான்மலைக்குப் போய், முடி இறக்குகிற இடம் எங்கே என்று பூக்கார அம்மாவிடம் விசாரித்தேன். "இங்கிட்டு யாரும் மொட்டை போட்டு நான் பாத்ததில்லையேம்மா. விராலிமலைக்குப் போற வழியில எறங்கிட்டீங்களா?" என்றார். எங்கே கொடுப்பது என்று தெரிந்துகொள்ளாமலே வேண்டிக்கொண்ட லட்சணம் இது. அதையும் ஒரு சாக்காக வைத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

ஐப்பசி மழையில் உனக்குக் காய்ச்சல் வந்தது. மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பதினோரு நாளில் எல்லாம் முடிந்துவிட்டது.

உன்னை எடுத்துக்கொண்டு போனபோது நான் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எல்லோரும் அழுதார்கள். எனக்குள் ஓடியது ஒரே ஒரு விஷயம். கொடுக்கிறேன் என்று சொன்னதைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டேன், அதனால்தான் சாமி உன்னைத் திருப்பி வாங்கிக்கொண்டது. மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவர்களுக்கு நோய் எதிர்ப்பு குறைவு, தொற்று வந்தால் தாங்காது, இதை நான் கரும்பலகையில் படம் போட்டே விளக்குவேன். அதே நான்தான் ராத்திரி தலையணையில் சடையைத் தள்ளி வைத்துவிட்டு, கொன்றுவிட்டேனே என்று படுத்திருப்பேன். இரண்டும் ஒரே மண்டைக்குள் எப்படி இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

வீட்டில் விஷயத்தைச் சொல்லி யோசனை கேட்டேன். "காரியம்தான் நிக்கலையே, எதுக்குக் குடுக்கணும்?" என்றார் வீட்டுக்காரர். "வேண்டுனது வேண்டுனதுதான். மொத்தமாக் குடுக்க முடியாட்டி மூணு இஞ்ச் பூமுடியாச்சும் எறக்கிட்டு வா" என்றார் மாமியார். எப்போது கொடுத்தாலும் தாமதம்தானே என்று எனக்குத் தோன்றியது. கொடுத்தால் தப்பை ஒப்புக்கொண்ட மாதிரி இருந்தது, கொடுக்காவிட்டால் மறுபடியும் அதே தப்பைச் செய்கிற மாதிரி இருந்தது. ஆனால் ஒன்று விடாமல் தண்ணீர், கூழ், மூன்று சொட்டு எண்ணெய் என்று தினமும் செய்துகொண்டே இருந்தேன். ஏன் என்று கேட்காதே.

போன ஞாயிற்றுக்கிழமை உன் அம்மாவிடம் போய்விட்டேன். திட்டட்டும், வெளியே போ என்று சொல்லட்டும், எதுவானாலும் அவர் வாயால் வரட்டும் என்று இருந்தது. அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். குடுமியான்மலையிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கை நிற்கவில்லை.

"அவளுக்குத் தெரியும் ஆத்தா" என்றார்.

"என்னம்மா தெரியும்?"

"கத்திரியப் பாத்து நீ தலைய இழுத்துக்கிட்ட அன்னைக்கே தெரியும்னா. எத்தனை பேரு வேண்டுதல் முடியோட அவ கடைக்கு வந்திருக்காக. 'எனக்காகத்தான்மா வளக்குறா, வாயத் தொறக்க மாட்டேங்கிறா'ன்னு சொன்னா."

"அப்பறம் ஏன்மா என்னைய எடுக்க விடல? நாலு இஞ்ச், நாலு இஞ்ச்னு..."

உன் அம்மா கீரையைத் தள்ளி வைத்தார். "அவளுக்குப் பயம். 'முடியக் குடுத்துட்டா சாமிக்கு என்கிட்ட வேலையில்லாமப் போயிரும்மா. குடுக்காம இருக்க வரைக்கும், வாங்குறதுக்காகவாச்சும் என்னைய விட்டு வச்சிருக்கும்'னா. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. ஆனா பயம்."

வைத்துக்கொண்டதால் நீ போனாய் என்று நான் நினைத்திருக்கிறேன். வைத்திருந்தால்தான் இருப்பாய் என்று நீ நினைத்திருக்கிறாய். உனக்கு ஈரம் ஊற்றத் தெரிந்தது, எனக்கு உட்காரத் தெரிந்தது, இரண்டு பேருக்கும் வாய் மட்டும் இல்லை. எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகுதான் அழுகை வந்தது.

"இப்ப நான் என்னம்மா செய்யிறது?" என்று கேட்டேன்.

உன் அம்மா சேலைக்கு மேலாகவே இடுப்புத் தழும்பை ஒரு கையால் தடவிக்கொண்டார். "நான் கேக்குறதுக்கு முன்னாடியே குடுத்தேன். நீ குடுக்காம வச்சிருந்தே. என்ன ஆச்சு, சொல்லு? எனக்கும் தெரியல ஆத்தா" என்றார். பிறகு, சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று உலை வைத்தார்.

அதற்குப் பிறகு என்னை நானே கொலைகாரி என்று சொல்லிக்கொள்வது நின்றிருக்கிறது. குழப்பம் நிற்கவில்லை. முடி இடுப்பைத் தாண்டிவிட்டது, நன்றாகவே இருக்கிறது, அதை எந்தச் சாமிக்கு, எந்த நன்றிக்குக் கொடுப்பது என்று இன்னும் தெரியவில்லை. தினமும் ஆவுடையார்கோவில் வரைக்கும் அதைத் தூக்கிக்கொண்டு போய் வருகிறேன். ஒல்லி முடி, பாரமே தெரியாது. நீ சிரித்துக்கொண்டே என் தலைக்குப் பின்னால் உட்கார்ந்து அத்தனை நாளும் பயந்துகொண்டிருந்தாய், நான் ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அதைத்தான் என்னால் எங்கேயும் இறக்கிவைக்க முடியவில்லை.