குழாயடிப் பொறுப்பு

சனி இரவு, மே 1985. சீத்தா கேம்ப்.

தூக்கம் வரவில்லை. மனைவி பாத்திமாவும் குழந்தையும் நாளைக் காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வருகிறார்கள். பச்சைப்பிள்ளை வரும் வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் இருக்காதே என்றுதான் சாயங்காலம் வரை எனக்குக் கவலை. தெருக்குழாயில் தண்ணீர் விடியற்காலையில் மட்டும்தான் வரும்; அங்கே வரிசை பார்ப்பது எங்கள் தெருச் சங்கம் எனக்குக் கொடுத்த பொறுப்பு. நானோ அந்த நேரமெல்லாம் ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடந்தேன்.

அங்கே பாத்திமாவின் தம்பி வேறு கேட்டான். "சங்கம் சங்கம்னு அலையுதீரே மச்சான்! சம்பளமில்லாம குழாயடியில வரிசை பாத்து, ஊர் ஏச்சையெல்லாம் வாங்கி என்னத்தக் கண்டீரு?"

வீட்டுக்கு வந்து பார்த்தால் டிரம், குடம், அண்டா எல்லாம் நிறைந்திருக்கின்றன. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போதே பாத்திமா ஒரு சாவியைப் பக்கத்து வீட்டுச் செல்லம்மாவிடம் கொடுத்திருக்கிறாள். போன வாரம்தான் அந்தச் செல்லம்மா வரிசையில் குறுக்கே புகுந்தாள் என்று அவள் குடத்தைக் கடைசிக்குத் தள்ளினேன். அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சில்லை.

சாவியைத் தரும்போதும் அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "வரிசையில நின்னுதான் புடிச்சேன் பாய். சந்தேகம்னா உங்க சங்கத்துல கேட்டுக்கிடுங்க."

தூக்கிப்போட வைத்திருந்த ஓட்டை வாளியைக்கூட அவள் விடவில்லை. ஓட்டையில் சோப்பை அடைத்து நிரப்பியிருக்கிறாள். இப்போது அது சொட்டுகிறது. எழுந்து போய் அடியில் ஒரு சட்டி வைக்க வேண்டும். நாளை பாத்திமாவின் தம்பி வந்ததும், 'என்னத்தக் கண்டீரு' என்று கேட்டதற்கு முதலில் அந்த வாளியைத்தான் காட்டுவேன்.