கொதித்த சக்கரம்

நாமக்கல்

அன்புள்ள அப்பாவுக்கு,

வானதி எழுதுகிறேன். நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

நேற்று பட்டறைக்குப் பன்னிரண்டு சக்கர லாரி ஒன்று வந்தது. குவித்த நெல்லில் சூடேறிவிட்டதா என்று நீங்கள் உள்ளே கை விட்டுப் பார்ப்பதுபோல், நானும் ஒவ்வொரு சக்கரமாகத் தொட்டேன். ஒன்று மட்டும் கொதித்தது. “பிரேக் சூடும்மா, விட்டுரு” என்றார் மேஸ்திரி. நான் விடவில்லை. சக்கரத்தின் நடுவிலிருக்கும் ஹப்பைக் கழற்றிப் பார்த்தால் கிரீஸ் கருகி, பேரிங் செதில் செதிலாக உதிர்ந்திருந்தது. விட்டிருந்தால் சக்கரமே நடுரோட்டில் கழன்றிருக்கும். புது பேரிங்கை நானே மாட்டினேன். இனி நான் தொட்டுப் பார்க்காமல் எந்த லாரியும் வெளியே போகாதாம்; மேஸ்திரியே சொல்லிவிட்டார். சந்தோஷத்தில் சோறே இறங்கவில்லை.

உள்ளங்கையில் சின்னக் கொப்புளம்தான்; அம்மாவிடம் சொல்லாதீர்கள்.

கை துடைக்க உங்கள் பழைய கைலி ஒன்று அனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

அடுத்த லாரி வந்துவிட்டது.

வானதி