நஞ்சையிலயும் பங்கு

தாரண வருசம், மாசி, வெள்ளிக்கிழமை ராத்திரி.

கம்பம் பள்ளிக்கூடத்துல இன்னைக்குப் பொம்பளைக கூட்டம். மதுரையிலருந்து ஒரு வக்கீலம்மா வந்திருந்தாக. விதவைக்குச் சொத்துல பங்கு தர்ற சட்டம் இருக்காம், வயக்காட்டுக்கு மட்டும் அது செல்லாதாம். இப்பப் புதுச் சட்டம் எழுதுறாகளாம். முடிக்குமுன்ன கமிட்டிக்காரக மெட்ராசுக்கு வந்து நம்ம சொல்லையும் கேக்குறாகளாம். சட்டம்னா கல்லுல வெட்டி வர்றதுன்னுல்ல நெனச்சிருந்தேன்.

நான் ஏதோ பஞ்சாயத்துன்னு நெனச்சு எந்திரிச்சு, என் புருசன் கருமாதி முடிஞ்ச மறுநாளே கொழுந்தன் எங்க வயல்ல ஏர் பூட்டுனதை ஒண்ணுவிடாமச் சொன்னேன்.

"ஆத்தா, இங்க உங்க வழக்கைத் தீக்க முடியாது. எல்லாப் பொம்பளைக்கும் என்ன வேணும்னு சொல்லுங்க"ன்னாக வக்கீலம்மா.

"வீட்டுச் சுவத்துல நெல்லு வெளையுமா? நஞ்சையிலயும் பங்குன்னு எழுதுங்க"ன்னேன். அப்படியே எழுதி வாசிச்சாக. என் பேச்சு சட்டம் போடுறவுக காதுக்குப் போகுது.

அந்தத் தாள்ல நான் கையெழுத்துப் போட்டதும், கொழுந்தன் பொண்டாட்டி வந்து கீழ ரேகை வச்சா. அவளோட நான் பேசுறதில்ல. இருந்தும் கேட்டுட்டேன்: "உம் புருசன் குத்துக்கல்லாட்டம் இருக்கானேடி?"

"இன்னைக்கு இருக்காருக்கா"ன்னா.

புருசனோட சேந்து என்னைப் பட்டினி போட்டவளுக்கும் சேத்து நானே கேட்டிருக்கேன். அவளை மன்னிக்கல. ஆனா அந்தத் தாளைத் திருப்பி வாங்கவும் மனசு வரல.