பிரவுசிங் சென்டரில் எடுத்த தலை தீபாவளிப் புடவை

நேற்று என் மகன் லேப்டாப் வாங்கி வந்தான். தீபாவளி ஆஃபராம், கூடவே ஒரு தோள்பையும் சுவர்க் கடிகாரமும் இலவசம். பெட்டியைப் பிரித்ததும் புது பிளாஸ்டிக்கும் தெர்மாகோலும் கலந்த வாசனை கூடம் முழுக்கப் பரவியது. மூடியைத் திறந்து, மேல் விளிம்பில் கடுகளவு இருந்த கறுப்புப் புள்ளியைக் காட்டி, "இதாம்மா கேமரா" என்றான். நான் அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டு நின்றேன். "என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்றான். "உங்க பெரிம்மா இருந்திருந்தா இதுக்கு சூடம் காட்டியிருப்பா" என்றேன். அவன் சிரித்தான். பிறகு நான் அடுப்படிக்குப் போய் முறுக்கு மாவு பிசைந்துகொண்டே கொஞ்சம் அழுதேன். மாவில் உப்பு சரியாகத்தான் இருக்கிறது, கவலைப்படாதே.

நீ போய் மூன்று தீபாவளி ஆகப்போகிறது. புதுச்சேரி சாரம் பகுதியில் உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் ஒரே பொதுச்சுவர். நீ இருந்த பக்கத்தில் இப்போது வேறு யாரோ குடியிருக்கிறார்கள், ராத்திரி பகல் டிவியை அலறவிடுகிறார்கள். நீ என்னைவிட மூத்தவள்தான். ஆனாலும் ஒருநாள் அக்கா என்று கூப்பிட்டதற்கு, "கிழவியாக்கிடாதடி" என்று இரண்டு நாள் பேசாமல் இருந்தாய். உன் வீட்டுக்காரர் ஒரு சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் சிப்பாயாக இருந்துவிட்டு வந்து, பென்ஷனும் சாய்வு நாற்காலியுமாகக் காலத்தை முடித்தவர். அவருக்குப் பிறகு உனக்கு மிச்சமாக இருந்தது ஒரு மகள், நான், வெள்ளிக்கிழமை மேட்னி ஷோ, அவ்வளவுதான்.

அந்த மேட்னிக்கு உன்னோடு போவதே எனக்குப் பெரும்பாடு. எல்லாரும் திரையைப் பார்த்தால் நீ மட்டும் கழுத்தைத் திருப்பி, பின்சுவர் ஓட்டையிலிருந்து வரும் வெளிச்சத்தைப் பார்ப்பாய். "எம்மாம் பெரிய ஆளுங்க, மலை, கடலு, எல்லாம் இந்த வெளிச்சத்துக்குள்ளயா போயிட்டு இருக்குது?" என்று என் காதில் கேட்பாய். பின் வரிசைக்காரர்கள் உச்சுக்கொட்டுவார்கள். நேரு வீதியில் தீபாவளிச் சாமான் வாங்கப் போனாலும் அதே கதைதான். டிவி கடை வாசலில் அடுக்கி வைத்திருக்கும் அத்தனை டிவியிலும் ஒரே நேரத்தில் ஒரே மீன் நீந்தும். நீ பையைக் கீழே வைத்துவிட்டு நின்றுவிடுவாய். "வாடி, கூட்டம் தள்ளுது" என்று நான் இழுத்தால், "உனக்கு எதப் பாத்தாலும் சலிக்குது. எனக்கு எதப் பாத்தாலும் ஒடம்பு சிலிர்க்குது. நான் என்ன பண்ணட்டும்?" என்பாய். எனக்கு எரிச்சலாக வரும். இப்போது அந்த எரிச்சலுக்குக்கூட ஆளில்லை.

இப்படி எல்லாவற்றுக்கும் உருகிய நீ, பெற்ற மகளிடம் மட்டும் கல்லாக இருந்தாய். பாரிசுக்குப் படிக்கப் போனவள் அங்கேயே வேலை தேடிக்கொண்டாள். கூட வேலை செய்த வெள்ளைக்காரப் பையனைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். நீ உப்பளம் பகுதியில் ஒரு சொல்தா வீட்டுப் பையனை மனதில் வைத்திருந்தாய். "டிக்கெட் அனுப்புறேன், வாம்மா. மேரியில கல்யாணம், நீ வந்து நில்லு போதும்" என்று போனில் கெஞ்சினாள். மேரி என்றால் அங்கத்து நகராட்சி அலுவலகம், அங்கேதான் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம். நீ, "எனக்குப் பொண்ணே பொறக்கலன்னு நெனச்சுக்கிறேன்" என்று சொல்லி ரிசீவரை வைத்துவிட்டாய். அது நடந்தது பங்குனி மாதம். அதற்குப் பிறகு அவளும் கூப்பிடவில்லை, நீயும் கூப்பிடவில்லை. நான் திட்டாத திட்டு இல்லை. நீ அசையவில்லை.

ஐப்பசி பிறந்தது. எதிர்வீட்டில் தலை தீபாவளி. மாப்பிள்ளைக்கு மோதிரம், பெண்ணுக்குப் பட்டு என்று ஒரே தடபுடல். ஒருநாள் நீ என் அடுப்படியில் வந்து நின்றாய். கொத்தமல்லியைக் கிள்ளிக்கொண்டிருந்தாய். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "அவளுக்கும் இது தலை தீபாவளிதான?" என்றாய்.

"ஆமா."

"புடவை எடுக்கணும். நான் எடுத்தா அவளுக்குப் புடிக்காது. அவளையே எடுக்கச் சொல்லணும்."

"பாரிசுல இருக்கிறவ எப்படிடி எடுப்பா?"

"கம்ப்யூட்டர்ல மூஞ்சி தெரியுதாமே. மூஞ்சி தெரிஞ்சா புடவை தெரியாதா?"

புடவை ஒரு சாக்கு என்று எனக்குத் தெரியும். என் மகன் அவளுக்கு மெயில் அனுப்பினான். மறுநாள் பதில் வந்தது: ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். வேறொரு வார்த்தை இல்லை. அவள் புடவையை ஏற்றுக்கொண்டால் மகள் உண்டு, வேண்டாம் என்றால் இந்த ஜென்மத்துக்கு இல்லை என்று நீயாகவே முடிவு கட்டிக்கொண்டாய். அந்த வாரம் முழுக்க உனக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிறன்று நேரு வீதியில் கால் வைக்க இடமில்லை. பழகின ஜவுளிக்கடைதான், ஆனாலும் முதலாளி தயங்கினார். "கூட்ட நேரத்துல பட்டுப் புடவைய வெளிய அனுப்புறதாம்மா?" என்றார். நீ அந்த ஜனத்துக்கு நடுவில் நின்று, உன் வீட்டு விஷயம் முழுவதையும் கொட்டிவிட்டாய். போனை வைத்தது, பேசாமல் இருந்தது, ஒன்றையும் மறைக்கவில்லை. எனக்கு மானம் போயிற்று. விழுப்புரம் பக்கத்திலிருந்து ஜவுளி எடுக்க வந்த ஒரு அம்மாள், மடியில் விரித்த புடவையோடு திரும்பி, "குடுத்து அனுப்புய்யா. பெத்தவ வாய்விட்டுக் கேக்குறா இல்ல" என்றாள். முதலாளி வேறு வழியில்லாமல் ஒரு மூட்டை புடவையையும், அதற்குக் காவலாகப் பெரிய மீசை வைத்த ஒரு சேல்ஸ்மேனையும் அனுப்பி வைத்தார்.

பக்கத்துச் சந்தில் மாடியில் பிரவுசிங் சென்டர். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் ஏசி குளிர். ஒருவர் உட்காரும் பிளைவுட் தடுப்புக்குள் நீ, நான், மீசைக்காரர், மூட்டை. கம்ப்யூட்டர் தலைமேல் உருண்டையாக ஒரு கேமரா உட்கார்ந்திருந்தது. சென்டர் நடத்துகிற பெண் வந்து என்னென்னவோ தட்டினாள். சாம்பல் நிறத்தில் ஒரு கட்டம் வந்தது. கட்டத்துக்குள் சின்னச் சின்னச் சதுரங்கள். அந்தச் சதுரங்கள் நகர்ந்து, ஒட்டி, உன் மகளாயின.

நீ நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தாய். அவள் ஒரு ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாள். பாதி முகத்தில் வெயில் அடித்தது. "அலோ... அலோ..." என்றாய். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "அங்க இப்பதான்டி காலைல. நமக்கு மத்தியானம் ஆயிடுச்சு. அவ காலை வெயில நாம இங்க உக்காந்து பாக்குறோம்" என்றாய். எதைப் பார்த்தாலும் சலிக்கிறவள் என்று பேர் வாங்கின எனக்கும் அன்று உடம்பு சிலிர்த்தது. உன்னிடம் காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

அவ்வளவு மாதம் கழித்து உன் வாயிலிருந்து மகளுக்கு வந்த முதல் வார்த்தை, "புடவை பாக்குறியா?" என்பதுதான். மீசைக்காரருக்குத் தொழில் பழக்கம். சட்டென்று ஒரு மயில்கழுத்துப் பட்டை எடுத்துத் தன் இடது தோளில் போட்டு, முந்தானையை விரித்து, நெஞ்சை நிமிர்த்திக் கேமரா முன் நின்றார். உன் மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்தாளா என்று தெரியவில்லை, படம் அப்படியே நின்றுவிட்டது.

படம் மறுபடி அசைந்ததும், அவரை ஓரமாக உட்காரவைத்துவிட்டு மற்ற புடவைகளை நீ காட்ட ஆரம்பித்தாய். ஒவ்வொன்றையும் இரண்டு கையாலும் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாய். திரையின் மூலையில் நம்மைக் காட்டும் குட்டிக் கட்டத்தில் புடவைதான் தெரிந்தது, நீ ஓரமாக எட்டிப் பார்க்கும்போது மட்டும் உன் முகம் தெரிந்தது. அவள் "ம்" என்பாள். "வேற?" என்பாள். நிமிரவே இல்லை. நீ புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு என்னிடம், "பாத்தியா, என்ன ஏறெடுத்தே பாக்க மாட்டேங்குறா. வெறுத்துட்டாடி" என்றாய். அதை இறக்கிவிட்டு அடுத்ததை எடுத்து விரித்தாய். ஜரிகை திரையில் புள்ளி புள்ளியாகச் சிதறியது.

அப்போது அங்கிருந்து, உதடு அசைந்து கொஞ்சம் கழித்து, குரல் வந்தது. "அம்மா, ஏன் குனிஞ்சுகிட்டே இருக்க? என்னப் பாக்கக்கூடப் புடிக்கலியா?"

புடவை உன் மடியில் விழுந்தது. "நானா? நான் உன்னத்தான் கண்ணு கொட்டாம பாத்துகிட்டு இருக்கேன். நீதான் குனிஞ்சுகிட்டு இருக்க."

"நானும் உன்னத்தாம்மா பாக்குறேன்."

சென்டர்க்காரப் பெண் தடுப்புக்கு மேலே தலையை நீட்டினாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் சென்டர் முழுக்கக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. "ரெண்டு பேருமே ஸ்க்ரீனப் பாக்குறீங்கக்கா. கேமரா மேல இருக்கு. அதப் பாத்துப் பேசினாதான், அவங்களுக்கு நீங்க கண்ணப் பாத்துப் பேசற மாதிரி இருக்கும்" என்றாள்.

"அதப் பாத்தா, அவ மூஞ்சி எனக்குத் தெரியாதே."

"தெரியாதுக்கா. ரெண்டுல ஒண்ணுதான்."

அந்த முகத்துக்காக நீ எவ்வளவு ஏங்கியிருந்தாய் என்று எனக்குத் தெரியும். பங்குனியிலிருந்து சுவருக்கு அந்தப் பக்கம் நீ அழுததெல்லாம் எனக்குக் கேட்டிருக்கிறது. ஒரு நிமிஷம் அவளைப் பார்த்தாய். பிறகு தலையைத் தூக்கி, அந்த உருண்டையின் நடுவில் இருந்த கறுப்புக் கண்ணாடியைப் பார்த்தாய். உனக்கு அங்கே ஒன்றும் தெரியாது. அதைப் பார்த்தபடியே பேசினாய்.

"நான் வந்திருக்கணும். நீ கூப்பிட்டப்பவே வந்து நின்னிருக்கணும். வீம்பு புடிச்சு உக்காந்துட்டேன். தப்பு என் மேலதான். உன் மேல ஒண்ணும் இல்லடா கண்ணு."

அத்தனை வருஷப் பழக்கத்தில் உன் வாயில் தப்பு என்ற சொல்லை நான் கேட்டதே இல்லை. அதைச் சொன்ன நேரத்தில் மகள் முகத்தைப் பார்க்கும் பாக்கியத்தையும் நீ விட்டுக்கொடுத்துவிட்டாய். கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல் முழங்கையால் என்னை இடித்தாய். "என்ன பண்றா? சொல்லுடி."

"அழுவுறா."

"இப்ப?"

"அழுவுறா, சிரிக்கிறா, ரெண்டும்தான்."

"எளச்சுட்டாளா?"

"இல்ல. ஒடம்பு வெச்சிருக்கா. நல்லா இருக்கா."

உன் கன்னத்தில் வழிந்ததை நீ துடைக்கவில்லை. துடைத்தால் கை கண்ணை மறைக்கும் என்று நினைத்தாயோ என்னவோ. மீசைக்காரர் மட்டும், பட்டில் ஈரம் பட்டுவிடும் என்று முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு புறங்கையால் துடைத்துக்கொண்டார். எனக்கு உன்னைப் பார்க்கவே பிரமிப்பாக இருந்தது. எந்த டிவியும் எந்தக் கம்ப்யூட்டரும் எனக்கு அப்படி இருந்ததில்லை.

கடைசியில் அவள் புடவையும் எடுத்தாள். "அந்த அண்ணன் தோள்ல இருக்கே, அது" என்றாள். மீசைக்காரர் அப்போதுதான் தன் தோளைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால் உயரமாக ஒரு உருவம் காபிக் கோப்பையோடு கடந்து போனது. நீ திரையைக் கூர்ந்து பார்த்து, "அவரா?" என்று கேட்டாய். அதுவரை உன் வாயில் அவன் இவன்தான். பார்சல் போய்ச் சேர்ந்ததும், கம்ப்யூட்டரில் நீலமாகத் தெரிந்த புடவை பச்சையாக இருக்கிறதே என்று போன் செய்தாள். "மயில்கழுத்துன்னா அப்படித்தான், ரெண்டும் இருக்கும், கட்டிக்கோ" என்றாய்.

அதன் பிறகு ஞாயிறு தவறாமல் சென்டர். அடுத்த ஆகஸ்ட் லீவுக்கு இருவரும் வந்தார்கள். மாப்பிள்ளையையும் மேட்னிக்கு இழுத்துப் போனாய். பாஷை புரியாத படத்துக்கு நடுவில் அவர் கழுத்தைத் திருப்பி அந்த வெளிச்சத்தைக் காட்டினாய். அவரும் வாயைப் பிளந்து பார்த்தார். எனக்கு ஒரு பைத்தியம் போதாதா என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஒருநாள் காலையில் நெஞ்சு வலி என்றாய். ஆஸ்பத்திரி வாசல்வரைகூடத் தாங்கவில்லை. அவள் விமானம் பிடித்து வந்து உன் முகத்தைப் பார்த்துவிட்டாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, சொந்தக்காரர்கள் கிளம்பின பிறகு, பின்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"சின்னம்மா, அன்னிக்குப் புடவை காட்டினப்ப, அம்மா கேமராவயே பாத்துப் பேசினாங்க இல்ல? அப்ப நான் அம்மா கன்னத்தத் தடவிக்கிட்டே இருந்தேன். ஸ்க்ரீன்லதான். அது அம்மாவுக்குத் தெரியுமா?"

அவள் சொன்ன பிறகுதான் எனக்கு அந்தப் படம் திரும்ப வந்தது. அவள் வலது கை முன்னால் நீண்டு, கட்டத்துக்குக் கீழே போய் மறைந்தது. தோள் மட்டும் மெதுவாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மேஜைமேல் எதையோ துழாவுகிறாள் என்று நினைத்தேன். அழுவுறா, சிரிக்கிறா என்று ஒன்றுவிடாமல் உனக்குச் சொன்ன நான், அதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்று எனக்குத் தெரியவில்லை.

"தெரியும். நான் அப்பவே சொன்னேன்" என்றேன். அவள் என் ஈரக்கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அன்றுதான் நிம்மதியாகத் தூங்கினாள்.

சொன்னேன் என்று அவளிடம் சொல்லிவிட்டேன், ஆனால் உனக்குச் சொல்லாத அந்த வார்த்தை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. உனக்குச் சேர வேண்டியதை நானே வைத்துக்கொண்டிருக்க முடியாது. நீ கண்ணை எடுக்காதே, அந்தக் கறுப்புக் கண்ணாடியையே பார். என்ன பண்றா என்றுதானே கேட்டாய்? உன் கன்னத்தத் தடவிக் குடுக்குறாடி. இன்னும் கைய எடுக்கல.