தோல் பார்த்து வாங்கிய ஆடு

1931, ஐப்பசி 13, வெள்ளி.

ஆம்பூரில் நான் தரம் பிரிக்கும் மேஸ்திரியாக இருந்த தோல் கம்பெனியை மூடி மூன்று மாதம் ஆகிறது. கசாப்புக்கடை ஜப்பார் பாய் இன்று என்னை நம்பி ஒடுகத்தூர் சந்தைக்கு ஆடு வாங்க அனுப்பினார். ஒரு கறுப்புக் கிடாவைப் பார்த்ததும் வேறு எதையும் பார்க்கத் தோன்றவில்லை. ஆசையாக ஓட்டிவந்து நிறுத்தினேன்.

பாய் அதன் முதுகைத் தடவினார். எலும்புதான் தட்டியது.

"இன்னா மேஸ்திரி, கறி எங்க? இன்னாத்த பாத்து வாங்கின?"

"தோலு நல்லா இருந்திச்சி பாய்."

கடையே சிரித்தது.

பதினெட்டு வருஷம் தோலை வெளிச்சத்தில் விரித்து, உண்ணி கடித்த புள்ளியையும் முள் கிழித்த கீறலையும் தேடியவன் நான். சீமைக்குப் போகும் தோலில் நான் முதல் தரம் என்று வைத்ததை யாரும் மறுபடி புரட்டிப் பார்த்ததில்லை.

கிடாவை உரித்ததும் போய் விரித்துப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. "முதல் தரம்!" என்று பழைய பழக்கத்தில் குரல் கொடுத்துவிட்டேன். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

"சரி மேஸ்திரி. அடுத்த வாரமும் நீயே போ. கண்ண மூடிக்கினு முதுக தடவிப் பாத்து வாங்கு," என்றார் பாய்.

இப்போது கண்ணை மூடி என் இடது கையைத் தடவிப் பார்த்தேன். விரலுக்கு முதலில் தோல்தான் தெரிகிறது.