வேண்டாம் என்று நினைத்தால் போதும்

மார்ச் 3

மூக்கிக்கு,

உன் அண்ணன் எழுதுகிறேன். கையால் அல்ல, அது வைத்த இடத்தில் கிடக்கிறது. வாயாலும் அல்ல, பக்கவாதத்துக்குப் பிறகு அது ஒழுகும் வேலையை மட்டும்தான் பார்க்கிறது. மண்டையால் எழுதுகிறேன். மண்டையோட்டில் ஓட்டை போட்டு, விரல் நகம் அளவில் ஒரு சில்லை உள்ளே வைத்துவிட்டார்கள். ஒரு சொல்லை மனசுக்குள் சொன்னால் எதிரே திரையில் வருகிறது. உன் அண்ணி அச்செடுத்துத் தபாலில் போடுகிறாள்.

ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டர் அவளிடம், "மூளைக்கு ஒரு சேதமும் வராதும்மா" என்றார். "இருந்தாத்தானே டாக்டர் சேதமாகும்" என்றாள்.

முதல் நாள் சில்லுக் கம்பெனிப் பெண் வந்து, "மனசுல என்ன தோணுதோ நினைங்க சார்" என்றாள். அந்த நேரம் பார்த்து, பக்கத்துக் கட்டில்காரரைப் பார்க்க அவர் மாமியார் வந்தார். திரையில் கொட்டை எழுத்தில், 'யப்பா என்ன குரல், தகர டப்பாவில் ஆணி போட்டுக் குலுக்கின மாதிரி' என்று வந்தது. அந்த அம்மா எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டார். இப்போது எனக்குத் தனி அறை.

பிடிக்காத வரி வந்தால், "வேண்டாம்னு நினைச்சா போதும் சார், அழிஞ்சிடும்" என்கிறாள். மனிதர்களுக்கும் இந்த வசதி இருந்திருந்தால் உன் வீட்டுக்காரர் உன் கல்யாணப் பேச்சின்போதே மறைந்திருப்பார். (இதை அழிக்கலாமா என்று யோசித்தேன். அழிக்கவில்லை.)

வாரப் பத்திரிகைக்கு மறுபடி என் நகைச்சுவைப் பத்தியை எழுதப்போகிறேன். எனக்காகப் பக்கத்தைக் காலியாக வைத்திருந்ததாக ஆசிரியர் உருகினார். பார்த்தேன். மூலநோய் விளம்பரம் போட்டிருந்தார்.

உன் மண்டையோட்டு அண்ணன்

மார்ச் 19

அண்ணா,

கடிதத்தை மருந்துக் கடையில் நின்றபடியே படித்தேன். வாடிக்கையாளர் ஒருவர், "ஏம்மா அழுவுறீங்க, விலை ஏறிடுச்சா" என்று கேட்டார். உன் மாப்பிள்ளையும் படித்தார். "மச்சானுக்கு மூளை இருக்குன்னு இப்பதான் ருசுவாச்சு" என்றார். கணக்குத் தீர்ந்தது.

பத்தியும் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் ஒன்று கேட்கிறேன், முறைக்காதே. நீ யாரைக் கேலி செய்தாலும் கடைசியில் உன்னையும் இழுத்துவந்து இரண்டு போடு போடுவாய். இதில் எல்லோரும் நல்லவர்களாக இருக்கிறார்கள். நீ உட்பட. உடம்புக்கு என்ன செய்கிறது?

மூக்கி

ஏப்ரல் 8

மூக்கிக்கு,

உனக்கு மூக்கி என்று பெயர் வைத்தது சரிதான், மோப்பம் பிடித்துவிட்டாய். சொல்லிவிடுகிறேன்.

நான் பாதி வாக்கியம் நினைப்பதற்குள் மீதியை இது போட்டுவிடுகிறது. என் பழைய பத்திகள் எல்லாவற்றையும் அதற்குப் படிக்கக் கொடுத்திருந்தார்கள். ஆரம்பத்தில் எரிச்சலாகத்தான் இருந்தது. ஒருநாள் சுமாரான ஒரு ஜோக்கை மனசுக்குள் தேய்த்துக்கொண்டிருந்தேன். திரையில் அதைவிட நல்லது வந்து நின்றது. எப்படி அழிப்பேன்? எழுதிப் பிழைக்கிறவனுக்கு நல்ல வரி ஓசியில் கிடைத்தால் யார் வீட்டுப் பிள்ளை என்றா விசாரிப்பான்? விட்டுவிட்டேன். அடுத்ததையும் விட்டேன். ஆசிரியர் ஆளனுப்பி, "சார் படுத்தப்புறம்தான் எழுத்து எழுந்து நிக்குது" என்று சொல்லச் சொன்னார். அதற்குப் பிறகு எதையுமே நான் அழிக்கவில்லை.

போன வாரப் பத்தியில் ஒரு வரி வந்தது. நாங்கள் பறிகொடுத்த குழந்தையை வைத்து ஒரு ஜோக். அழிக்கப் பார்த்தேன். போகவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தேன். அசையவில்லை. அச்சாகிவிட்டது. உன் அண்ணி படித்தாள். அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு ஊட்டும்போது சுவரைப் பார்த்தபடி ஊட்டுகிறாள்.

கம்பெனிப் பெண்ணிடம் முறையிட்டேன். அவள் எதையெதையோ தட்டிப் பார்த்துவிட்டு, "சார் இதுவரைக்கும் எதையுமே மறுத்ததில்ல. அதனால மறுக்கிற சிக்னல் வந்தா வெறும் இரைச்சல்னு சில்லு தள்ளிடுது. நல்லதுதானே சார், வேகமா எழுதலாம்" என்றாள்.

மறுக்கும் அந்த ஒரு சொல்லை இங்கே எழுத இப்போதும் முயன்றேன். திரை கொஞ்ச நேரம் வெறுமையாக நின்றது. பிறகு 'சரி' என்று வந்தது.

இன்னொரு சில்லு வைக்க வேண்டும் என்கிறார்கள், இன்னும் ஆழத்தில். எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

மூக்கி, கடைசி வாக்கியம் என்னுடையது

அண்ணன்

ஏப்ரல் 18

அண்ணா,

கடைசி வாக்கியம் உன்னுடையது இல்லை. நீ மகிழ்ச்சியாக இருந்தால் இப்படிச் சொல்ல மாட்டாய், யாரையாவது திட்டுவாய்.

அண்ணிக்கு எத்தனையோ தடவை ஃபோன் செய்துவிட்டேன். ஆஸ்பத்திரிக்குள் எடுக்க விடுவதில்லை போலிருக்கிறது. கடைக்கு இன்ஸ்பெக்டர் வருகிறார், அது முடிந்ததும் வெள்ளிக்கிழமை அங்கே இருப்பேன். கடையை உன் மாப்பிள்ளை பார்த்துக்கொள்வார். தலைவலிக்கு வந்தவர்களுக்குப் பேதி மாத்திரை கொடுத்தால் அது அவரவர் விதி.

அண்ணி, இதை நீங்கள்தானே வாசித்துக் காட்டுகிறீர்கள். குழந்தையைப் பற்றிய அந்த வரியை எழுதியது என் அண்ணன் இல்லை, நம்புங்கள். திரையை அணைத்துவிட்டு, முகத்துக்கு நேராக நின்று, இன்னொரு சில்லு வேண்டுமா என்று அவனிடம் கேளுங்கள். ஆமாம் என்றால் மேலே பார்ப்பான், இல்லை என்றால் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வான். சில்லு வருவதற்கு முன்னால் அப்படித்தானே பேசிக்கொண்டிருந்தோம்? நான் வரும்வரை எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

மூக்கி

ஏப்ரல் 23

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் அக்கறைக்கு மனமார்ந்த நன்றி. பேதி மாத்திரை பற்றி எழுதியிருந்ததை மிகவும் ரசித்தேன். மாப்பிள்ளை தங்கமான மனிதர்.

நீ சொன்னபடியே உன் அண்ணி திரையை அணைத்துவிட்டு என்னிடம் கேட்டாள். நான் கண்களை இறுக்கி மூடிக்கொண்டேன். வெகுநேரம் திறக்கவில்லை. அவள் பயந்துபோய்க் கத்தியதில் எல்லோரும் வந்துவிட்டார்கள். கம்பெனிப் பெண், "வெளிச்சம் கூசுதும்மா, அவ்வளவுதான்" என்று சன்னலைச் சாத்திவிட்டு, அணைத்திருந்த திரையை மறுபடி போட்டாள். 'சம்மதம்' என்று அதில் தெளிவாக இருந்தது.

உன் அண்ணி கையெழுத்துப் போட மறுத்துவிட்டாள். அது ஒரு பிரச்சினையே இல்லை என்று டாக்டர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். நோயாளி வாய் திறந்து சொல்ல முடியாத நிலையில் இருந்தால்தான் மனைவியிடம் கேட்பார்களாம். நான்தான் சொல்ல முடிகிறவன் ஆயிற்றே.

ஆபரேஷன் நாளை வியாழக்கிழமை, நீ வருவதற்கு முந்தின நாள். புதிய சில்லு வந்தபின் திரையே தேவைப்படாது. கண், வாய், கன்னம் எல்லாவற்றையும் அதுவே இயக்கும். நீ கட்டாயம் வா. வாசலில் உன்னைப் பார்த்ததுமே சிரிப்பேன்.

என்றும் அன்புடன்,
உன் அண்ணன்